பக்கத்துக் கட்டில் பிள்ளை

அத்தியாயம் 14

கதவு சாத்திக்கொண்டது. ஆவணக் காப்பகத்தின் உள்ளறைக் கதவு, முழு இரும்பு. அது போட்ட 'டமார்' சத்தத்தில் மேல்தட்டுப் புத்தகங்களில் இத்தனை வருஷமாகச் சும்மா கிடந்த தூசியெல்லாம் ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தது.

"ஐயையோ மாமா! கதவ ஏன் விட்டீங்க?"

"நான் எங்கம்மா விட்டேன்? அதுவா போயிருச்சு."

நகலம்மா பாய்ந்து போய்க் கைப்பிடியை இழுத்தாள். கைப்பிடி ரொம்ப மரியாதையாக அவள் கையோடு வந்துவிட்டது. உள்பக்கக் கைப்பிடி ஆடுகிறது என்று அவள் மூன்று கடிதம் எழுதியிருக்கிறாள். மூன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்திருக்கிறது. இதோ, பரிசீலனை முடிந்துவிட்டது.

மணி ஒன்றேகால். சாப்பாட்டு வேளை. பெரிய அதிகாரி ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். சாவி வைத்திருக்கும் அண்ணன் காலையிலேயே பல் பிடுங்கப் போய்விட்டார். உள்ளறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அவளுடைய போனும் மாமனாருடைய போனும் வெளியே கவுண்டர் டிராயரில் பத்திரமாக இருந்தன. அந்த விதியை எழுதி ஒட்டியவளே நகலம்மாதான். யாரைத் திட்டுவது?

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை.

பிறந்தவர், ஞானஸ்நானம் பெற்றவர், செத்தவர் என்று யாருடைய பதிவுக்கும் முத்திரை வைத்து நகல் தருவதால் அவளுக்கு நகலம்மா என்று பேர். எண்பது வயது அம்மா ஒருத்தி அவளிடம் ஒரு மனு கொடுத்திருந்தாள். கலங்கரை விளக்கக் குடியிருப்பில் விளக்கேற்றிக் கொண்டிருந்தவரின் மூத்த மகள். தன் தாய் பெற்ற பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பதிவேடு பதிவேடாகத் தேடிக்கொண்டு வந்தவள். பெற்றது ஐந்து. தன்னைத் தவிர மூன்று பேரை அவளே கண்டுபிடித்துவிட்டாள். கடைக்குட்டி மட்டும் பாக்கி. அவனைப் பெற்ற சில நாளில் தாய் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட, தகப்பன் அந்தப் பச்சைப் பிள்ளையைப் பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணைப் பற்றி மனுவில் இருந்தது ஒரே ஒரு வரி: 'அவர் கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர்.'

நகலம்மாவுடைய மாமனாரின் தகப்பனாரும் கடிகாரம் பழுதுபார்த்தவர்தான்.

'சேச்சே, இருக்காது' என்று சொல்லிக்கொண்டேதான் அவள் புரட்டினாள். கோயில் பதிவேட்டில் கடிகாரக்காரர் வீட்டு ஆண் குழந்தை: வீட்டில் பிறந்தது, பிழைக்காது என்று பயந்து மருத்துவச்சியே அவசர ஞானஸ்நானமாகத் தண்ணீர் ஊற்றியது. ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தின் அடக்கப் பதிவேட்டில் நான்காம் நாள்: கடிகாரக்காரரின் ஆண் குழந்தை, அடக்கம். மறுபடி கோயில் பதிவேட்டில், இரண்டு மாதம் கழித்து: அதே பெற்றோர், அதே பேர், உயிரோடு! 'தண்ணீர் முன்பே ஊற்றப்பட்டதால் மற்றச் சடங்குகள் மட்டும் நிறைவேற்றப்பட்டன.' அதற்கு எட்டு வருஷம் கழித்து எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், பிறந்த இடம் என்ற பத்தியில், மூத்த பெண்கள் இருவருக்கும் 'வீடு'. பையனுக்கு 'பெரிய ஆஸ்பத்திரி'. சர்க்கார் ஆள் வாசலில் நின்று நேருக்கு நேர் கேட்டதும் பாவம், அந்தத் தாய்க்கு வாயில் பொய் வரவில்லை போலிருக்கிறது.

கோயிலுக்கு ஆஸ்பத்திரி அடக்கம் தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கோயில் சடங்கு தெரியாது. இரண்டு புத்தகமும் எழுபத்திரண்டு வருஷம் கழித்து ஒரே அலமாரிக்கு வந்து சேர்ந்ததால் வந்த வினை இது.

மனுவுக்கு முப்பது நாளில் பதில் தரவேண்டும். முப்பதாவது நாள் இன்று. நாலரை மணிக்குள்.

அந்தப் 'பையன்'தான் இப்போது ஏணிப்படி ஸ்டூலில் உட்கார்ந்து, தோள் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

* * *

"உதவி! யாராவது இருக்கீங்களா?" நகலம்மா கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்ததுதான் மிச்சம்.

"விடும்மா. வரும்போது வருவாங்க." மாமனார் மெதுவாகச் சொன்னார். "எனக்கு உங்கிட்டத் தனியாப் பேசணும்னுதான் வந்தேன். ஆண்டவரே கதவச் சாத்திட்டாரு."

ஊரில் அவருக்கு உபதேசியார் என்று பேர். நாற்பது வருஷம் கோயிலில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவர். முப்பத்தொரு குழந்தைகளுக்கு ஞானத்தகப்பன். புதுசாக வருகிற சாமியார்கள்கூட முதல் மாதம் அவரிடம்தான் கேட்டுக் கேட்டு நடப்பார்கள். நகலம்மாவுக்கு அவர் அதுக்கும் மேலே. கல்யாணமான மறுவாரம், "வேலைக்கெல்லாம் எதுக்கு?" என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, சைக்கிளை எடுத்து, "ஏறும்மா, நேரமாச்சு" என்று இந்த ஆபீஸ் வாசல்வரை கொண்டுவந்து விட்டவர் அவர். ஒரு நாள் அல்ல, மூன்று மாதம்.

"சாப்பாட்டு மேஜையில ஒரு ஃபைல வச்சுட்டுக் குளிக்கப் போயிட்ட. நான் பாத்துட்டேன். 'பக்கத்துக் கட்டில்'னு ஒரு வார்த்தை. அதுக்கப்புறம் நாலு நாளா எனக்குச் சோறு இறங்கல."

நகலம்மா ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அப்ப உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா மாமா?"

"இருபது வருஷமாத் தெரியும். அம்மா போறதுக்கு மொத நாள் சொன்னாங்க."

அவள் எதிரே பழைய பதிவேட்டுக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். அதன்மேல் யாரும் உட்காரக் கூடாது என்பதும் அவள் எழுதி ஒட்டிய விதிதான். அது கிடக்கட்டும்.

"என்ன பதில் எழுதியிருக்க?"

அவள் கையிலிருந்த ஃபைலைத் திறந்து காட்டினாள். இரண்டு தாள். இரண்டிலும் முத்திரை வைத்தாகிவிட்டது, கையெழுத்துதான் இல்லை. ஒன்று, 'கோரிய பதிவு கிடைத்தது; நகல் இணைக்கப்பட்டுள்ளது.' இன்னொன்று, 'கோரிய பதிவு ஏதும் கிடைக்கவில்லை.' இரண்டாவது தாளைத் தட்டச்சு செய்தபோது அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தும் செய்தாள்.

உபதேசியார் இரண்டையும் படித்தார். இரண்டாவது தாளைத் தனியே எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"இதக் குடுத்துடு."

"மாமா! நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன்."

"காய்கறிக்காரர் ஒரு வெண்டைக்காய் கூடப் போட்டுட்டாலே திரும்பிப் போய்க் குடுத்துட்டு வர்ற ஆளு நீங்க. அந்தம்மாவுக்கு எண்பது வயசு. கடைசித் தம்பியத் தேடிட்டு இருக்காங்க. கிடைக்கலன்னு நான் கையெழுத்து போட்டா அவங்க அதோட நிறுத்திடுவாங்க மாமா. இந்தக் கையெழுத்த நம்பித்தான் ஊரே வாசல்ல நிக்குது."

"தெரியும்மா."

"அம்மாவுக்காகவா? பெத்தாத்தான் அம்மாவா? வீட்டுல யாரு உங்கள ஒரு வார்த்த சொல்லப் போறாங்க? அத்தை சொல்வாங்களா? உங்க பையன் சொல்வாரா?"

அவர் துண்டை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நகலம்மா இந்த மனுஷனை இப்படிப் பார்த்ததே இல்லை.

"அந்த மூணாவது பதிவ நல்லாப் படிச்சியா?"

"படிச்சேன். மற்றச் சடங்குகள் மட்டும்..."

"தண்ணி முன்பே ஊற்றப்பட்டதால்." அவர் முடித்தார். "யாருக்கு ஊத்தினாங்க?"

நகலம்மா வாயைத் திறந்தாள். திறந்தது திறந்தபடியே நின்றது.

மருத்துவச்சி தண்ணீர் ஊற்றியது செத்துப்போன அந்தக் குழந்தைக்கு. இரண்டு மாதம் கழித்துக் கோயிலுக்கு வந்தது வேறு குழந்தை. ஞானஸ்நானம் ஒருவருக்கு ஒரே ஒரு தடவைதான். அதனால் சாமியார் புத்தகத்தைப் பார்த்தார், 'தண்ணிதான் ஆயிருச்சே' என்று எண்ணெய் பூசி, மெழுகுவத்தி கொடுத்து, அனுப்பிவிட்டார்.

"எனக்குத் தண்ணியே ஊத்தலம்மா," என்றார் உபதேசியார். "நாப்பது வருஷமா ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஞானஸ்நானம்னா என்னன்னு பாடம் எடுத்த எனக்கு ஞானஸ்நானம் இல்ல."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்க நகலம்மாவுக்குச் சகிக்கவில்லை.

"அம்மா அன்னைக்கு வாயத் திறந்து சாமியார்கிட்ட உண்மையச் சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. தெருவே கோயில்ல ரெட்டை வரிசையா நிக்குது, இது என் புள்ள இல்லன்னு எப்படிச் சொல்வாங்க? பயந்துட்டாங்க. அப்புறம் நான் சின்னப் பையன், சொல்ல முடியல. நான் உபதேசியார் ஆயிட்டேன், அப்பவும் சொல்ல முடியல. கடைசில சொன்னப்போ என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'நீ யார்கிட்டயும் போகாத, என்னைப் பொய்க்காரி ஆக்கிடாத'ன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"இப்பவும் ரகசியமா ஒரு ஃபாதர்கிட்ட..."

"ரகசியமா ஊத்தலாம். புத்தகத்துல எழுதாம விடமாட்டாங்களே! எழுதினா, எழுபத்திரண்டு வருஷமா இருக்கற பதிவுக்குப் பக்கத்துல 'இவன் வேறு பிள்ளை'ன்னு ஓரக்குறிப்பு வரும். அந்தக் குறிப்ப யார் நகல் எடுக்கணும்? நீதான்." அவர் மூச்சு வாங்கினார். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நற்கருணை வாங்கற வரிசையில நான் போய் நிக்கறேன், ஞானஸ்நானம் இல்லாதவன் வாங்கக் கூடாதுன்னு தெரிஞ்சே. நிக்காம இருந்தா ஏன்னு கேப்பாங்க. நின்னா எனக்கு உள்ளுக்குள்ள எரியுது. இருபது வருஷம்மா. இந்த அறையில மூணு மணி நேரம் அடைஞ்சு கிடந்தா என்ன, எனக்குப் பழக்கம்தான்."

நகலம்மா எழுந்து அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஆறுதல் சொல்ல ஒரு வழி தேடினாள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளுக்குத் தனி ஞானஸ்நானப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் ஒருவேளை இருக்கலாம். ஆனால் பைண்டிங்குக்குப் போன அந்தப் புத்தகம் இரண்டு வருஷமாகத் திரும்பி வரவில்லை. அதற்கும் அவள் கடிதம் எழுதியிருந்தாள். அந்தப் பதிலையும் சொல்லவேண்டுமா?

அப்போதுதான் வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

* * *

"உள்ள யாராவது இருக்கீங்களா? பேச்சு சத்தம் கேக்குது."

நகலம்மா துள்ளி எழுந்தாள். "இருக்கோம்! ரெண்டு பேரு! கதவு மாட்டிக்கிச்சும்மா. கவுண்டர் டிராயர்ல ரெண்டு போன் இருக்கும், சிவப்பு உறை போட்டது என்னோடது. கடைசியாப் பேசின நம்பர அழுத்துங்க, அது எங்க வீட்டுக்காரரு."

"இரும்மா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது... ஆங், அடிக்குது, அடிக்குது."

அந்தக் குரல் யாருடையது என்று நகலம்மாவுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவள் மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கும் புரிந்துவிட்டது.

"என் பதில வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்மா," என்றது வெளிக்குரல். "நாலரைக்கு வரச் சொன்னீங்க. வீட்டுல இருப்புக் கொள்ளல, ரெண்டு மணிக்கே வந்துட்டேன். ஆபீஸ்ல ஈ காக்கா இல்ல. பயப்படாதீங்க, உங்க வீட்டுக்காரர் வர்றாராம். நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

உபதேசியார் உதட்டில் விரலை வைத்தார். 'நான் இருக்கறதச் சொல்லாதே.'

அந்த அம்மாள் நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. அடைபட்டவர்களுக்குத் துணையாகப் பேச்சுக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, பேசிக்கொண்டே இருந்தாள். மூத்த தம்பியைக் கல்லறையில் கண்டுபிடித்தது. தங்கையைக் கல்யாணப் பதிவில் பிடித்தது. இன்னொருத்தி கப்பலேறிப் போன இடத்தில் பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

"சின்னவனத்தான் காணோம். எட்டு வயசு எனக்கு. அவனத் தூக்கிக்கிட்டு வார்டு முழுக்க நடப்பேன். எல்லாரும் 'அவன் நல்லா இருப்பான், விடு'ங்கறாங்க. நல்லா இருந்தா சரி. பாத்துட்டா நானும் நிம்மதியாப் போவேன்ல?"

இந்தப் பக்கம் உபதேசியார் ஸ்டூலிலிருந்து எழுந்து கதவருகே வந்துவிட்டார். இரும்பில் காதை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருக்கும் நடுவே நாலு விரற்கடை கதவு.

நகலம்மா கையில் இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு நின்றாள். இந்த அறைக் கதவு எப்படியும் திறக்கும். திறந்ததும் இரண்டில் ஒன்றைக் கையெழுத்திட்டு நீட்டியாகவேண்டும். ஒன்றை நீட்டினால் இந்த மனுஷன் செத்துப்போவார். இன்னொன்றை நீட்டினால் அவள் இனி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடமுடியாது. திறக்காமலே போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது அவளுக்கு.

மூன்றரைக்குத் தடதடவென்று செருப்புச் சத்தம். மூக்குக்கண்ணாடிக் கடையைப் பாதியில் போட்டுவிட்டு அவள் கணவன், கூடவே ஒரு பூட்டுக்காரர்.

"ஏய், என்ன ஆச்சு? உள்ள என்ன பண்ணிட்டு இருக்க?"

"தவம் பண்ணிட்டு இருக்கேங்க. சீக்கிரம் திறக்கச் சொல்லுங்க!"

"அப்பாவ வேற காணோம். மத்தியானம் சாப்பிடக்கூட வரல. அம்மா அழுதுட்டு இருக்காங்க."

நகலம்மா மாமனாரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். "மாமா இங்கதாங்க இருக்காங்க. எங்கூட."

பிறகு பூட்டுக்காரர், "நல்ல இரும்புய்யா. முக்கா மணி நேரம் குடுங்க," என்று குடைய ஆரம்பித்தார். கிர்ர்ரென்று பல் கூசும் சத்தம்.

அந்தச் சத்தம் நிற்கும்போதெல்லாம் கிழவியின் குரல் வந்தது. அவள் இப்போது கணவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். "உங்கப்பாவும் உள்ள இருக்காரா தம்பி? பாவம், வயசானவரு. தண்ணி கிண்ணி இருக்கோ என்னவோ உள்ள."

தண்ணி என்ற வார்த்தையைக் கேட்டதும் உபதேசியாரின் கை கதவில் பதிந்தது.

இருபது வருஷம் அடக்கி வைத்தவர். சத்தியம் செய்தவர். 'கிடைக்கல'ன்னு எழுதிடு என்று சற்றுமுன்தான் சொன்னவர். ஒரு மனுஷனால் எவ்வளவு நேரம்தான் முடியும்?

"அம்மா," என்றார் கதவைப் பார்த்து. குரல் கரகரத்தது. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கய்யா."

"உங்க தம்பி... அந்தச் சின்னவன். அவனக் குடுக்கறதுக்கு முன்னாடி, ஆஸ்பத்திரியில அவனுக்கு யாராவது தண்ணி ஊத்தினாங்களா?"

கிர்ர்ர் சத்தம் நின்றிருந்தது.

"ஊத்தாமயா?" என்றாள் கிழவி. "எங்கம்மா அதுக்குத்தானே உசுர கையில பிடிச்சிருந்தாங்க. 'நான் கண்ண மூடறதுக்குள்ள புள்ளைக்குத் தண்ணி ஊத்திடுங்க சிஸ்டர்'னு. வார்டு சிஸ்டர் மருந்துக் கிண்ணத்துல தண்ணி எடுத்துட்டு வந்து ஊத்தினாங்க. நான்தான் கீழ துண்டு பிடிச்சேன். என் பாவாடையெல்லாம் நனைஞ்சுபோச்சு. சில்லுன்னு இருந்துச்சா, அவன் போட்டானே ஒரு சத்தம்! பக்கத்துக் கட்டில் அம்மா பாவம், வீட்டுல பெத்து, ஜன்னி கண்டு வந்து கிடந்தாங்க. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

உபதேசியார் கதவோடு கதவாகச் சரிந்து உட்கார்ந்தார். எழுபத்திரண்டு வயசு மனுஷர் குழந்தை மாதிரி அழுதார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டும் சத்தம் வெளியே போனது. நகலம்மா அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளும் அழுதாள். மாமனார் மருமகள் என்றெல்லாம் அந்த நேரத்தில் யார் பார்த்தார்கள்?

"அவங்களுக்குத் தெரியாதும்மா," என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். "எங்கம்மாவுக்குத் தெரியவே தெரியாது. இல்லாத குறைக்கு அழுதுட்டே செத்துப்போனாங்க."

பிறகு கணவனின் குரல், வழக்கத்தைவிட ரொம்பத் தாழ்ந்து வந்தது.

"அப்பா... இத நீங்க ஏன் கேக்கறீங்க?"

உபதேசியார் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"அப்பா, உங்களத்தான் கேக்கறேன்."

"ஆச்சு சார்!" என்றார் பூட்டுக்காரர், நிலவரம் தெரியாமல் உற்சாகமாக. "இனி ஒரே திருப்புதான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

உபதேசியார் நகலம்மாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"வேணாம்னு சொல்லும்மா."

"மாமா?"

"இப்பத் திறக்க வேணாம்னு சொல்லு. அவங்க முகத்துல நான் எப்படிம்மா முழிப்பேன்? என் புள்ள முகத்துல எப்படி? கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்ச நேரம் நான் உள்ளயே இருந்துக்கறேன்."

சுவரில் மணி நாலு இருபது. நகலம்மா குரல் கொடுத்தாள். "பூட்டுக்காரரே, நிறுத்துங்க. திறக்காதீங்க."

"என்னம்மா இது, இவ்வளவு நேரமா திறங்க திறங்கன்னு கத்திட்டு!"

"திறக்காதீங்கன்னு சொல்றேன்ல!"

வெளியே நாற்காலி நகர்ந்தது. மெல்லிய காலடி நாலு கேட்டது. கதவின் அந்தப் பக்கம், சரியாக அவர் தலை சாய்ந்திருந்த இடத்துக்கு நேரே, ஒரு கை வந்து பதிகிற ஓசை கேட்டது.

"அவர அவசரப்படுத்தாதீங்க," என்றாள் எண்பது வயது அக்கா. "நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."